கஃபேக்கும் பப்புக்கும் திரும்பலாமா? ஊரடங்குக்குப் பிறகு முதல் அடி வைப்பவர்களுக்கு

ஊரடங்கு தளர்ந்த பிறகு முதன்முதலாக ஒரு கஃபேயின் வாசலில் போய் நின்ற காலை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. வெளியே நல்ல குளிர். கதவின் கண்ணாடி உள்பக்கம் முழுக்க வியர்த்துப்போய், உள்ளே இருந்தவர்கள் வெறும் நிழல்களாகத் தெரிந்தார்கள். யாரோ கையால் துடைத்திருந்த ஒரு சாண் அகலத்தில் மட்டும் ஒரு முகம் சிரித்துக்கொண்டிருந்தது. கைப்பிடியில் கை வைத்தேன், எடுத்துவிட்டேன். வீட்டில் அப்பா இருக்கிறார். மாற்றுச் சிறுநீரகத்துடன் வாழ்கிறவர். உடல் அதை நிராகரித்துவிடாமல் இருக்க, நோய் எதிர்ப்பு ஆற்றலை அடக்கி வைக்கும் மாத்திரைகளை நாள் தவறாமல் விழுங்குகிறவர். வந்த வழியே நடந்தேன்.

அன்று நான் திரும்பியது பயத்தால்தான், யோசித்துப் பார்த்து அல்ல. ஆனால் அந்தக் கதவே எனக்கு விடை சொல்லிக்கொண்டிருந்தது என்பது பிறகுதான் புரிந்தது. கண்ணாடி அப்படி வியர்க்கிறதென்றால், உள்ளே இருப்பவர்கள் விட்ட மூச்சின் ஈரமும் காபி இயந்திரத்தின் ஆவியும் வெளியேற வழியில்லாமல் அங்கேயே தங்கியிருக்கின்றன. ஈரம் தங்குகிற அறையில் மூச்சோடு வந்த மற்றவையும் தங்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று கொரோனாவுக்கான சர்வதேச அவசரநிலையை முடித்துக்கொண்டது. வைரஸ் முடிந்துவிடவில்லை. ஊர் முழுவதும் பழைய நாற்காலிகளுக்குத் திரும்பிவிட்ட பிறகும், திரும்பலாமா என்று வாசலிலேயே நிற்கிறவர்கள் எனக்குத் தெரிந்தே பலர். வீட்டில் நோயாளி இருப்பவர்கள், வயதானவர்கள், ஒருமுறை தொற்று வந்து மாதக்கணக்கில் அவதிப்பட்டவர்கள், கூட்டத்தில் உட்காரும் பழக்கமே விட்டுப்போனவர்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் படி: கேள்வியை மாற்றிக்கொள்ளுங்கள்

“போகலாமா, வேண்டாமா?” என்று கேட்டுக்கொண்டிருந்தால் ஆண்டுகள் போய்விடும். அந்தக் கேள்விக்குப் பயம் ஒரு பதில் சொல்லும், ஏக்கம் ஒரு பதில் சொல்லும். இரண்டும் மாறி மாறி ஜெயிக்கும். அரசு அனுமதித்துவிட்டது என்பதும் உங்களுக்கான பதில் அல்ல. அனுமதி ஊருக்குப் பொதுவானது. உங்கள் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது அதற்குத் தெரியாது.

எந்த இடம், எந்த நேரம், எவ்வளவு நேரம், யாரோடு, அதன் பிறகு யாரைப் பார்க்கப் போகிறேன் என்று கேளுங்கள். இப்படிப் பிரித்துக் கேட்ட உடனே ஒரே பெரிய பயம் ஐந்து சிறிய முடிவுகளாகிவிடுகிறது. ஒன்றுக்கு “வேண்டாம்” என்று பதில் வந்தால் மற்ற நான்கையும் தூக்கிப்போட வேண்டியதில்லை. சனிக்கிழமை இரவு நிரம்பி வழியும் பப்பும், புதன்கிழமை காலை கதவு திறந்த கையோடு வெளித் திண்ணையில் உட்காரக் கிடைக்கும் கஃபே மேசையும் ஒரே வகை ஆபத்து அல்ல.

இரண்டாம் படி: வீட்டில் உள்ளவர்களிடமிருந்து தொடங்குங்கள்

கடையைப் பற்றி யோசிக்கும் முன்பு வீட்டைப் பற்றி யோசியுங்கள். வயது கூடக் கூடத் தொற்றின் கடுமை கூடுகிறது என்பது முதல் ஆண்டிலேயே தெளிவாகிவிட்டது. உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் போன்றோருக்குத் தடுப்பூசி போட்டாலும் உடல் முழு அளவில் எதிர்ப்பாற்றலை உருவாக்குவதில்லை. மற்றவர்களுக்குத் தடுப்பூசி கடும் நோயிலிருந்து நல்ல பாதுகாப்புத் தருகிறது. ஆனால் அந்தப் பாதுகாப்பு மாதங்கள் செல்லச் செல்லக் குறைகிறது. கடைசி ஊசி எப்போது என்று தேதியைத் தேடி எடுத்து வையுங்கள். புதிதாகப் போட்டுக்கொள்ளத் தகுதி இருந்தால், முதல் வெளிப் பயணத்துக்கு இரண்டு வாரம் முன்னதாகவே போட்டுவிடுங்கள். ஊசி வேலை செய்ய அந்த அவகாசம் தேவை.

இன்னொரு வேலையைப் பெரும்பாலானோர் தள்ளிப்போடுகிறார்கள். வீட்டில் பலவீனமானவருக்குத் தொற்று வந்தால் என்ன செய்வது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வைப்பது. பேக்ஸ்லோவிட் போன்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரைகளை அறிகுறி தோன்றிய 5 நாட்களுக்குள் தொடங்க வேண்டும். பேக்ஸ்லோவிட் சில மருந்துகளோடு, குறிப்பாக உறுப்பு மாற்று நோயாளிகள் சாப்பிடும் சில மாத்திரைகளோடு ஒத்துப்போகாது. காய்ச்சல் வந்த இரவில் இதையெல்லாம் விசாரித்துக்கொண்டிருக்க முடியாது. அப்பாவின் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிய ஒரு தாள் எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறது. நான் மீண்டும் வெளியே போகத் துணிந்தது அந்தத் தாள் கைக்கு வந்த வாரத்தில்தான்.

முக்கியமான ஒன்று: வீட்டில் இருப்பவரையும் கேளுங்கள். அவருக்காக நீங்களே முடிவெடுத்துக்கொண்டு, அவர் பொருட்டு உங்களை அடைத்து வைத்துக்கொண்டால், அந்தப் பாரம் அவர் தலையிலும்தான் ஏறுகிறது. “எனக்காக நீ எத்தனை நாள் இப்படி உட்கார்ந்திருப்பாய்?” என்று அப்பா கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

மூன்றாம் படி: காற்றைப் பாருங்கள்

இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். முதல் ஆண்டில் நாம் எல்லோரும் மேசையைத் துடைத்தோம், பைகளைக் கழுவினோம். கை கழுவுவது நல்ல பழக்கம், அதை விட வேண்டாம். ஆனால் இந்த நோய் முக்கியமாகக் காற்றின் வழியே பரவுகிறது. 2020 ஜூலையில் 239 விஞ்ஞானிகள் சேர்ந்து இதைப் பகிரங்கமாக வற்புறுத்த வேண்டியிருந்தது. பொதுமக்களிடம் அந்தச் செய்தி இன்னும் முழுதாகப் போய்ச் சேரவில்லை என்பது எனக்கு வருத்தம். பளபளவென்று துடைத்த மேசையைப் பார்த்து நிம்மதி அடைந்து, மூடிய ஜன்னலைக் கவனிக்காமல் விடுகிறோம்.

இரண்டு உணவகங்களின் கதையைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலாவது, சீனாவின் குவாங்சோவில் 2020 ஜனவரி 24 அன்று நடந்தது. ஜன்னல் இல்லாத ஒரு தளத்தில் மதிய உணவுக்குப் பலர் கூடியிருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கு அன்றே பின்னர்தான் காய்ச்சலும் இருமலும் தொடங்கின. அவரையும் சேர்த்து மூன்று குடும்பங்களில் 10 பேர் நோய்வாய்ப்பட்டார்கள். மூன்று குடும்பங்களும் அடுத்தடுத்த மேசைகளில், ஒரே ஏசியின் காற்று சுழன்று வந்த பாதையில் உட்கார்ந்திருந்தவை. மேசைகளுக்கு இடையே சுமார் ஒரு மீட்டர் இடைவெளி இருந்தது. மற்ற மேசைக்காரர்களுக்கும் பரிமாறிய பணியாளர்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இரண்டாவது, தென்கொரியாவின் ஜியோன்ஜுவில் அதே ஆண்டு ஜூனில் நடந்தது. தொற்றுள்ளவரிடமிருந்து 6.5 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்த ஒருவருக்கு, இருவரும் ஒரே அறையில் இருந்த ஐந்தே நிமிடங்களில் தொற்றியது. ஏசியின் காற்று நேராக அவரை நோக்கி வீசியிருக்கிறது. அவரைவிடப் பக்கத்தில் இருந்தும் காற்றின் பாதையில் இல்லாத சிலர் தப்பினார்கள்.

ஆகவே தரையில் ஒட்டியிருக்கும் இடைவெளிக் கோடுகளை மட்டும் நம்பாதீர்கள். உள்ளே நுழைந்ததும் நிமிர்ந்து பாருங்கள். ஏசி எங்கே இருக்கிறது, அதன் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது? சுவரில் மாட்டும் சாதாரண ஏசி அறையில் இருக்கும் காற்றையே இழுத்துக் குளிர்வித்துத் திரும்பவும் அறைக்குள்ளேயே விடுகிறது, வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. அறை குளுகுளுவென்று இருப்பதால் காற்று புதிது என்று ஆகாது. ஜன்னல்கள் திறக்கிற வகையா, திறந்திருக்கின்றனவா, எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு திறப்புகள் உண்டா? நேற்றைய சமையல் வாடை இன்றும் நிற்கிறதா? கண்ணாடி வியர்த்திருக்கிறதா? மேசைகளுக்கு நடுவே நிறுத்திய பிளாஸ்டிக் தடுப்புகள் எதிரே இருப்பவரின் எச்சில் துளியை மறிக்கும். காற்றில் மிதப்பதை மறிக்காது. சில இடங்களில் அவை காற்றோட்டத்தையே தடுத்துவிடும்.

கையடக்கமான கரியமில வாயு அளவி ஒன்று வாங்க முடிந்தால் வாங்கலாம். கட்டாயம் இல்லை, ஆனால் யூகத்தை எண்ணாக மாற்றித் தருகிறது. அகச்சிவப்பு ஒளியால் அளக்கும் வகையைத் தேர்ந்தெடுங்கள். மலிவான சில கருவிகள் வேறு வாயுக்களை அளந்து உத்தேசமாக ஓர் எண்ணைக் காட்டிவிடுகின்றன. திறந்த வெளியில் கரியமில வாயு சுமார் 420 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 420 பங்கு. நாம் வெளிவிடும் மூச்சில் அது ஏறக்குறைய 40,000. அறையில் அளவு ஏறினால், ஏறிய பங்கு பெரும்பாலும் மனிதர்கள் விட்ட மூச்சுதான். ஒரு கஃபேயில் அளவியை என் முகத்திலிருந்து தள்ளி மேசையின் ஓரத்தில் வைத்துப் பார்த்தேன். உட்கார்ந்தபோது 610. பக்கத்து இரண்டு மேசைகளும் நிரம்பி, யாரோ குளிருக்காகக் கதவை இழுத்துச் சாத்தினார்கள். நாற்பது நிமிடத்தில் 1,420. வெளிக்காற்றைவிட 1,000 கூடுதல். 40,000-இல் நாற்பதில் ஒரு பங்கு. அதாவது நான் இழுத்த ஒவ்வொரு நாற்பது மூச்சிலும் ஒரு மூச்சு, அந்த அறையில் ஏற்கெனவே யாரோ ஒருவர் உள்ளே இழுத்து வெளியே விட்டது. பாதிக் கோப்பை மீதி இருந்தது. எழுந்துவிட்டேன்.

800-க்குக் கீழே என்றால் காற்றோட்டம் நன்றாக இருக்கிறது என்று கொள்ளலாம். 1,500-ஐத் தாண்டியே நின்றால் அங்கே காற்றோட்டம் மோசம். ஒரு விதிவிலக்கு உண்டு: நுண்துகள்களைப் பிடித்துக்கொள்ளும் ஹெப்பா வடிகட்டி உள்ள காற்றுச் சுத்திகரிப்பான் ஓடினால், கரியமில வாயு குறையாது; ஆனால் வைரஸைச் சுமக்கும் துகள்கள் குறையும். அப்படி ஒன்று ஓடுவதைக் கண்டால் அதன் அருகில் உட்காருங்கள்.

வெளியே போட்ட மேசைதான் எப்போதும் முதல் தேர்வு. ஆனால் அது உண்மையிலேயே வெளியாக இருக்க வேண்டும். நான்கு பக்கமும் பிளாஸ்டிக் திரை இறக்கிச் சூடாக்கி வைத்த கூடாரம் இன்னோர் அறைதான்.

நான்காம் படி: நேரமும் சத்தமும்

ஆபத்து கடிகாரத்தோடு சேர்ந்து வளர்கிறது. இருபது நிமிடம் உட்கார்ந்து எழுவதும் மூன்று மணி நேரம் உட்கார்வதும் ஒன்றல்ல. கடை திறக்கும் நேரம் நல்ல நேரம், ஏனென்றால் இரவு முழுக்க யாரும் மூச்சு விடாத அறை அது. மதியக் கூட்டம் கலைந்த உடன் காலியாகத் தெரியும் கடை ஏமாற்றும். ஆட்கள் போய்விட்டாலும் காற்று போயிருக்காது. 2020-இல் ஆய்வகச் சோதனை ஒன்றில் இந்த வைரஸ் காற்றில் 3 மணி நேரம் கழித்தும் உயிர்ப்புடன் இருந்தது.

பப் விஷயத்தில் கூடுதலாக இரண்டைச் சொல்ல வேண்டும். முதலில் சத்தம். சத்தமான இடத்தில் நம்மை அறியாமலே குரலை உயர்த்துகிறோம். குரல் உயர உயர வாயிலிருந்து வெளிவரும் நுண்துகள்களும் பெருகுகின்றன. பாடினால் இன்னும் அதிகம். 2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாடகர் குழுவின் இரண்டரை மணி நேரப் பயிற்சிக்கு வந்த 61 பேரில் 53 பேர் நோயுற்றார்கள், இருவர் இறந்தார்கள். பந்தயம் ஒளிபரப்பாகும் இரவு, நேரடி இசை இரவு, எல்லோரும் சேர்ந்து பாடும் இரவு ஆகிய மூன்றும் முதல் முயற்சிக்கு ஏற்றவை அல்ல. இரண்டாவது, மது. முதல் கோப்பைக்குப் பிறகு எடுக்கும் முடிவு முதல் கோப்பைக்கு முன் எடுத்த முடிவைப் போல இருக்காது. எப்போது கிளம்புவது என்பதை வீட்டிலேயே தீர்மானித்து, கைப்பேசியில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். “இன்னும் கொஞ்ச நேரம்” என்று மனம் சொல்லும்போது அலாரம் உங்கள் பக்கம் நிற்கும்.

முகக்கவசம் அணிந்துகொண்டு சாப்பிட முடியாது, உண்மை. அதனால் அது வீண் என்று ஆகிவிடாது. நுழையும்போது, வரிசையில் நிற்கும்போது, கழிப்பறைக்குப் போகும்போது என்-95 அணிந்திருந்தால் அத்தனை நேரம் கணக்கிலிருந்து கழிகிறது. குறிப்பாகக் கழிப்பறையில், பல கடைகளில் காற்று மிகவும் தேங்கும் இடம் அதுதான். ஆர்டர் கொடுக்கும்போதும் அணிந்திருங்கள். எதிரே நிற்கும் பணியாளர் அந்த அறையின் காற்றை நாள் முழுக்க, வாரம் முழுக்கச் சுவாசிக்கிறவர். நமக்குப் பிடிக்காவிட்டால் நாம் எழுந்து போய்விடலாம். அவருக்கு அந்த வசதி இல்லை. உங்களுக்கு இலேசாகத் தொண்டை கரகரத்தாலும் அன்றைய பயணத்தைக் கைவிடுங்கள். விரைவுப் பரிசோதனையில் ஒரு முறை தொற்று இல்லை என்று வந்ததை நம்பிப் புறப்பட வேண்டாம்; 48 மணி நேரம் கழித்து இன்னொரு முறை பார்த்தால்தான் அதற்கு மதிப்பு.

ஐந்தாம் படி: கூட வருபவரிடம் சொல்லிவிடுங்கள்

பலருக்கு வைரஸைவிட இதுதான் கடினம். “இன்னுமா பயப்படுகிறாய்?” என்று நண்பர் கேட்கும் அந்த ஒரு வாக்கியத்துக்கு அஞ்சியே அழைப்புகளை ஏற்காமல் இருக்கிறார்கள். பிறகு அழைப்புகளே நின்றுவிடுகின்றன. இழப்பு அங்கேதான் தொடங்குகிறது. தனிமையும் உடலைக் கெடுக்கும். 2023 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் சமூக உறவுகளுக்கென்றே ஓர் ஆணையத்தை அமைத்தது. வீட்டிலேயே இருப்பதற்கும் ஒரு விலை உண்டு. அதையும் கணக்கில் எழுதுங்கள்.

நான் கற்றுக்கொண்டது, மறுப்பதற்குப் பதிலாக மாற்று ஒன்றைச் சொல்வது. “வர முடியாது” என்றால் பேச்சு முடிந்துவிடுகிறது. நான் அனுப்பும் செய்தி இப்படி இருக்கும்: “உன்னைப் பார்க்க ரொம்ப ஆசை. அப்பாவின் உடல்நிலைக்காக வெளி மேசையில் மட்டும்தான் உட்காருகிறேன். புதன் காலை பத்தரைக்கு வருவாயா? மழை என்றால் பூங்காவில் நடக்கலாம்.” இதில் காரணம் ஒரே வரியில் முடிகிறது, விவாதத்துக்கு இடமில்லை. விவாதித்தவர்கள் ஒன்றிரண்டு பேர் உண்டு. மற்றவர்கள் எல்லோரும் வந்தார்கள். ஒரு தோழி தானே முன்பே போய் ஜன்னலோர மேசையைப் பிடித்து, ஜன்னலையும் திறந்து வைத்துவிட்டு, கோட்டை இறுகப் போர்த்திக்கொண்டு எனக்காகக் காத்திருந்தாள்.

கடைக்கும் போன் செய்து கேளுங்கள். வெளியே மேசை உண்டா, ஜன்னலைத் திறக்கலாமா, எந்த நேரத்தில் கூட்டம் குறைவு? கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எரிச்சலோடு பதில் வந்தால் அந்தக் கடை வேண்டாம். உங்கள் வேலை சுலபமாகிவிட்டது.

ஆறாம் படி: சிறிதாகத் தொடங்குங்கள்

முதல் முறை வாங்கிக்கொண்டு வெளியே நின்று குடியுங்கள், அவ்வளவுதான். அடுத்த முறை வெளி மேசையில் இருபது நிமிடம். அதற்கடுத்து, ஒருவரோடு மட்டும், திறந்த ஜன்னல் அருகே. கதவை நெருங்கும்போதே இதயம் படபடத்தால், அது கோழைத்தனம் அல்ல. நீண்ட காலம் உயிரைக் காப்பாற்றிய ஒரு பழக்கத்தை உடல் சட்டென்று கைவிட மறுக்கிறது. வெளியே வரும் வழி தெரியும் நாற்காலியில் உட்காருங்கள். வந்த உடனே பணத்தைக் கொடுத்துவிடுங்கள். எழுந்து போக நினைத்தால் பில்லுக்காகக் காத்திருக்க வேண்டாம். படபடப்பு வாரக்கணக்கில் குறையாமல், கடைவீதிக்குக்கூடப் போக முடியாத அளவுக்கு இருந்தால் மனநல ஆலோசகரைப் பாருங்கள். படிப்படியாகப் பழக்கும் சிகிச்சை இதற்கு நன்றாகப் பலன் தருகிறது.

ஏழாம் படி: வந்த பிறகு

எந்த இடம், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, ஜன்னல் திறந்திருந்ததா என்று ஒரு வரி குறித்து வையுங்கள். ஒரு மாதத்தில் உங்கள் ஊரில் உங்களுக்கு ஏற்ற இரண்டு மூன்று இடங்கள் அந்தக் குறிப்பிலேயே தெரிந்துவிடும். மூடிய அறையில் நெடுநேரம் இருந்துவிட்டு வந்தால், பலவீனமானவரோடு நெருங்கி உட்காருவதை ஐந்து நாட்கள் தள்ளிப்போடுங்கள். ஒரே வீடு என்றால் முகக்கவசமும் திறந்த ஜன்னலும் உதவும். அறிகுறி தோன்றுவதற்கு இரண்டு நாள் முன்பே தொற்று மற்றவருக்குப் பரவத் தொடங்கிவிடும். அதனால் “உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது” என்பது போதாது. மூன்றாம் நாளும் ஐந்தாம் நாளும் பரிசோதித்துப் பாருங்கள். ஊரில் தொற்று ஏறுகிற வாரங்களில், ஒரு படி பின்னால் வைத்து வெளி மேசைக்கே திரும்பிவிடுங்கள். குறைந்ததும் மறுபடி முன்னால் வரலாம்.

என் குறிப்பேட்டில் இப்போது பதினேழு வரிகள் இருக்கின்றன. அவற்றில் நான்கு, பாதியில் எழுந்து வந்தவை. பதினெட்டாவது, வரும் புதன்கிழமைக்கு. முதன்முறையாக அப்பாவும் வருகிறார். காலை எட்டு மணி, வெளித் திண்ணை, சுவரை ஒட்டாத மேசை. எந்த நாற்காலியில் காற்று எந்தப் பக்கமிருந்து வரும் என்று நேற்றே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.